இறைச்சி வைக்காத கடிதம்

கணவாய்,
ஆகஸ்டு 19, 1954

நவ்யாக்கின் அப்பாவுக்கு, அசியாக் எழுதுவது.

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டு எழுதினால் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் கேள்வி பழசாகிவிடுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா? இருமும்போது இன்னும் சிவப்பு வருகிறதா? பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு இதை உனக்குப் படித்துக் காட்டும் கடலோரத்துப் பீட்டருக்கு என் வணக்கம். பீட்டர், எதையும் விடாமல் படியுங்கள். நீங்களாக எதையும் சேர்க்கவும் வேண்டாம். போன முறை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய கடிதத்தில் "என் தேனே" என்று ஒரு சொல் இருந்தது. எட்டு வருடக் குடித்தனத்தில் அக்லாக்கின் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை.

முதலில் நீ கேட்க விரும்பும் செய்தி. மான்கள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வருகிறோம், வடக்குச் சரிவெல்லாம் கரிபு மான்கள். உன் தம்பி சிமியோன் நான்கு சுட்டான். மற்றவர்களும் நன்றாகவே சுட்டார்கள். முதுகுக் கொழுப்பு இரண்டு விரல் தடிமன் இருந்தது. நாய்கள் தின்று தின்று படுத்தே கிடக்கின்றன, குரைக்கக்கூடச் சோம்பல். இறைச்சித் துண்டு வைத்து அனுப்பலாம் என்றால் மழை விட்டபாடில்லை, எதுவும் காயவில்லை. அடுத்த முறை அனுப்புகிறேன்.

ஜூலை மாதமும் இப்படித்தான் ஒரே மழை. சாம்பல் மலையில் கொஞ்சம் கல் சரிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை.

நவ்யாக்குக்கு முன் பல் விழுந்துவிட்டது. அதைப் பத்திரமாக ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறாள், அப்பா வந்ததும் காட்ட வேண்டுமாம். நீ வரும்போது புதுப் பல்லே முளைத்திருக்கும், பரவாயில்லை, இரண்டையும் பார்த்துக்கொள்.

இன்னும் ஒரு குளிர்காலம் அங்கேயே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இருந்துவிட்டு வா. அங்கே படுத்துக்கொண்டு இங்கே மான் எண்ணிக்கொண்டிருக்காதே. மூச்சை மட்டும் கவனி. அண்டை வீட்டு ரோடா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் இப்போதும் தினமும் அந்த மேட்டுக்குப் போய் வருகிறாள்.

நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, எங்கள் ஜெபத்தின் நிழலில் இருப்பாயாக.

அசியாக்


கணவாய்,
செப்டம்பர் 14, 1954

நவ்யாக்கின் அப்பாவுக்கு, பொய் சொன்னவள் எழுதுவது.

நீயே கைப்பட எழுதிய கடிதம் இன்று காலை விமானத்தில் வந்தது. ஏழு வரி. ஒவ்வொரு எழுத்தும் பிறந்த அன்றே எழுந்து நிற்கப் பார்க்கும் மான்குட்டி மாதிரி காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது. நீ எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாய் என்று பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் ரோடாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வரிவரை அந்தச் சந்தோஷம் இருந்தது. நான்காவது வரியில், "உறையில் இறைச்சி இல்லை. அதனால் மான் வரவில்லை" என்று எழுதியிருந்தாய். ஐந்தாவது வரியில், மாதக் கடைசியில் மருத்துவர் சொல்லை மீறி மருத்துவமனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுவதாக எழுதியிருந்தாய். மனிதா, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா?

நான் ஒரு முட்டாள். இந்தக் கணவாயிலிருந்து யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும் உள்ளே ஒரு துண்டு காய்ந்த இறைச்சி வைக்காமல் உறையை ஒட்டுவதில்லை. அப்படியிருக்க மழை மேல் பழியைப் போட்டால் நீ நம்பிவிடுவாய் என்று நினைத்தேன். பொய் சொல்லத் துணிந்தவள் ஒரு துண்டு மீனையாவது கருக வாட்டி, இறைச்சி மாதிரி சுருட்டி வைத்திருக்க வேண்டாமா? அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

இனி பீட்டர் நடுவில் இல்லை. நீயே படிப்பாய். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் பேனாவை எடு. செம்பட்டைத் தலை விமானி இருபதாம் தேதி மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். அவன் கையில் கொடுத்தால் மாதம் முடிவதற்குள் உனக்குக் கிடைத்துவிடும். அதற்குள் கிடைத்தே ஆக வேண்டும்.

ஜூலையில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. மலைக்குள் எப்போதும் உறைந்தே கிடக்கும் மண் இளகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் சாம்பல் மலையின் அடிவயிற்றிலிருந்து கறுப்புக் கல்லும் சேறுமாக ஒரு பக்கமே பெயர்ந்து கீழே இறங்கியது. சத்தம் அடங்க ஒரு குவளைத் தேநீர் குடிக்கும் நேரம் ஆயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மலையடிவாரத்துக்கும் மான்கள் வழி விலகாமல் இருக்க ஆள் மாதிரி கல் அடுக்கி நிறுத்திய நம் கல்மனிதர் வரிசைக்கும் நடுவில் மான்கள் நடக்கும் பாதை இருந்ததே, அது முழுக்க மூடிப்போயிற்று. நம் நாற்பது கல்மனிதர்களில் ஒன்பது பேர் புதைந்துவிட்டார்கள்.

சிமியோன் என்ன செய்தான் தெரியுமா? மழை நின்ற மறுநாளே போய், புதைந்த ஒன்பது பேரையும் அதே இடத்தில் மறுபடி அடுக்கினான். அதே இடம் என்றால் சரிவுக்கு மேலே. தலையில் புல்கட்டியெல்லாம் வைத்து, உங்கள் அப்பா வைத்த மாதிரியே வரிசை பிசகாமல் நிறுத்தினான். எல்லோரும் பாராட்டினோம். நானும் பாராட்டினேன். அப்பா நட்ட வரிசை பிசகக்கூடாது என்பதைத் தவிர எங்களில் யாருக்கும் வேறு யோசனை வரவில்லை.

ஆகஸ்டு நடுவில் முதல் கூட்டம் வந்தது. இருபது மான் இருக்கும். வடக்கிலிருந்து மலையோரமாகவே வந்தன. பாதை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றன. வலப்பக்கம் கற்குவியல். இடப்பக்கம் நல்ல உலர்ந்த சரளை மேடு, ஆனால் அதன் ஓரமெல்லாம் ஆள் நிற்கிறது என்று அவற்றுக்குத் தோன்றுகிறது. வாசனை பிடித்தன. கிழட்டுப் பெண்மான் ஒன்று தலையைத் திருப்பியது. அவ்வளவுதான், எல்லாமாக வந்த வழியே வடக்கே போய்விட்டன. முன்னோடிகள் திரும்பினால் பின்னால் வரும் மந்தையும் வராது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம்தான் உனக்கு அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன்.

யாரால் திரும்பின என்று ஊரில் ஒரே பேச்சு. கடைசியில் ரோடாவின் தலையில் வந்து விடிந்தது. அவள் அடுப்புப் புகையைக் கண்டுதான் மிரண்டனவாம். புருஷன் இல்லாதவள் அடுப்புப் புகைதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் போலிருக்கிறது. ஐந்தே வீடு இருக்கும் ஊரில் மூன்று வீட்டார் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்பாய். ஏரி மீன், கண்ணியில் விழும் தரை அணில். வலையில் ஏதும் இல்லாத நாளில் எலி வளையைத் தோண்டி அது சேர்த்து வைத்த கிழங்கை எடுத்து வேகவைக்கிறோம். கிழங்கை எடுத்தால் எலிக்குப் பதிலுக்கு ஒரு துண்டு மீன் வைத்துவிட்டு வருவதுதானே வழக்கம். போன வாரம் வைக்க மீனும் இல்லை. கொஞ்சம் தேயிலைத் தூளை வைத்துவிட்டு வந்தேன். அந்த எலியின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. நாய்கள் பதினொன்றில் ஆறுதான் இருக்கின்றன. மற்ற ஐந்தைப் பற்றிக் கேட்காதே.

சிமியோனும் மற்ற இரண்டு ஆண்களும் மந்தை கிழக்குப் பள்ளத்தாக்கில் போகிறதா என்று பார்க்க நான்கு நாளுக்கு முன் கிளம்பினார்கள். இன்னும் வரவில்லை. நாளை தொடர்கிறேன், கையில் மை உறைகிறது.

செப்டம்பர் 16

இரண்டு நாளாக எழுதவில்லை. விரல்கள் மடங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாதே. கோபப்பட்டால் உனக்கு இருமல் வரும்.

நேற்று முன்தினம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சரளை மேட்டுக்குப் போனேன். மான் வரும் திசையில் வடக்கே நின்று, ஒரு மானின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். புகையும் இல்லை, நாயும் இல்லை. மலை வழியை அடைத்தது. மீதி இருந்த வழியை நாமே ஆள் நிறுத்தி அடைத்திருக்கிறோம். கல்மனிதர் வரிசையை அப்படியே கிழக்கே தள்ளி, சதுப்பின் விளிம்பில் நிறுத்தினால் சரளை மேடு முழுக்க மான்களுக்குத் திறந்துவிடும்.

நகர்த்துவது என்றால் உன் அப்பாவின் கல்லை நகர்த்துவது. சிமியோன் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டான். அவன் இல்லை. ரோடாவிடம் சொன்னேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு பகல் முழுக்க நாற்பது பேரையும் கலைத்து, சுமந்து, மறுபடி அடுக்கினோம். தட்டைக் கல் மூன்று, மேலே புல்கட்டி. ஒருவனைத் தூக்கும்போது என் கால் வழுக்கி, கல் முழங்காலில் இடித்தது. வலியில் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ரோடா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பெரிய கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடி, "இந்தக் கல்லு கனக்கவே இல்லக்கா. போன வருசம் தூக்குனதுதான் கனத்துச்சு" என்றாள்.

உனக்குப் புரிகிறதா அவள் எதைச் சொன்னாள் என்று? அவள் புருஷன் குனாக்கும் நீ போட நினைக்கும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டான். வேட்டைக்கு ஆள் இல்லை, பெண்டாட்டி பிள்ளை பட்டினி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். வந்து எத்தனை மான் சுட்டான்? ஒன்று. அதையும் வீட்டுக்கு இழுத்துவர மூச்சு இல்லாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். போன வருடம் மார்ச்சில் போய்விட்டான். தரை இரும்பாக இறுகிக் கிடந்தது, குழி வெட்ட முடியவில்லை. ரோடா தினமும் போய் வரும் அந்த மேட்டில் கிடத்தி, நானும் ரோடாவும் கல் பொறுக்கி அவன் மேல் அடுக்கினோம். அதற்குள் அவர்கள் மகள் லீனாவும் இருமத் தொடங்கியிருந்தாள். அவள் இப்போது உன் மருத்துவமனையிலேயே குழந்தைகள் பகுதியில் இருக்கிறாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, வளர்ந்திருக்கிறாளா, என்ன உயரம் என்று எழுதச் சொல்லி ரோடா கேட்கிறாள். நீ அங்கே இருந்தால்தான் எழுத முடியும்.

செப்டம்பர் 17

சிமியோன் மதியம் வந்தான். கிழக்கே ஒன்றும் இல்லை. மூன்று பேரும் வெறுங்கையோடு, கன்னம் ஒட்டி வந்து நின்றார்கள். உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதே அவன் கண் சரளை மேட்டுக்குப் போயிற்று. குவளையைக் கீழே வைத்தான்.

அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "அண்ணி, அது யாரு கல்லுன்னு தெரியுமா? எங்கப்பன் நட்டது, அவரோட அப்பன் நட்டது! மரத்தடியில பொறந்தவளுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?" என்றான். கல்யாணம் ஆகி எட்டு வருடமாகக் கேட்கும் பேச்சுதான் இது. தெற்கே மரக்காட்டுப் பக்கம் பிறந்துவிட்டேன், என்ன செய்வது.

நானும் விடவில்லை. "மரத்தடியில பொறந்தவளுக்கு ஒண்ணு தெரியும் கொழுந்தனாரே. வழியில மரம் விழுந்தா நாங்க சுத்திக்கிட்டுப் போவோம். விழுந்த மரத்து மேல ஏறி நின்னுக்கிட்டு, எங்கப்பன் போன வழி இதுதான்னு சொல்ல மாட்டோம்" என்றேன். சொன்னபிறகு அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது. அவன் முகம் அப்படி ஆகிவிட்டது.

ரோடா வாசலில் நின்று, "எங்க வீட்டுப் பொகையில மான் மெரண்டுச்சுன்னு சொன்னியே சிமியோன், எங்க வீட்டுல மூணு நாளா அடுப்பே எரியல. இப்ப எந்தப் பொகையில மெரண்டு வராம இருக்கு?" என்று கேட்டாள்.

விடிந்ததும் நாற்பது கல்லையும் பழைய இடத்தில் வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிமியோன் எழுந்து போனான். போகும்போது வாசலில் நவ்யாக் அவன் பையைத் தடவிப் பார்த்தாள், இறைச்சி இருக்கிறதா என்று. அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

செப்டம்பர் 18

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

வெளிச்சம் வந்ததும் சிமியோன் கல்லைப் பிடுங்கப் போனான். நான் தடுக்கப் போனேன். அவன் துப்பாக்கி அவன் தோளில், உன்னுடையது என் தோளில். மேட்டின் தென் கோடியில் ஏறும்போதே அவன் சட்டென்று விழுந்து படுத்தான். என்னையும் கையைப் பிடித்து இழுத்தான். வடக்கே, சரிவுக்கு அந்தப் பக்கம், பதினொரு மான்.

காற்று வடக்கிலிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. அந்த ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்தது. முன்னால் வந்தது ஒரு பெண்மான், இடது கொம்பு பாதியில் ஒடிந்தது. கற்குவியலுக்கு வந்தது. நின்றது. ஆகஸ்டில் நின்ற அதே இடம். சிமியோன் முகத்தைச் சரளையில் புதைத்துக்கொண்டான், பார்க்கவே அவனால் முடியவில்லை.

அது இடப்பக்கம் திரும்பியது. சரளை மேட்டில் ஒரு காலை வைத்தது. இன்னொரு காலை வைத்தது. அப்புறம் மற்ற பத்தும்.

எங்களுக்கு அறுபது அடி தூரத்தில் வந்தன. முன்னோடிகளைத் தொடக்கூடாது, சத்தம் கூடாது, அவை நிம்மதியாகப் போனால்தான் மந்தை அதே தடத்தில் வரும் என்பது இந்தக் கணவாயில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் உன் துப்பாக்கியைத் தோளில் நிறுத்தினேன்.

பசியால் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நவ்யாக்கின் பசிகூட எனக்கு நினைவில்லை. இருபதாம் தேதி விமானம் வருகிறது என்பதுதான் நினைவில் இருந்தது. ஒரே ஒரு மான். அதிலிருந்து ஒரு துண்டு. அடுப்பின் மேல் இரண்டு நாள் வாட்டினால் காய்ந்துவிடும். உறையில் வைத்து அனுப்பினால் நீ முகர்ந்து பார்ப்பாய், நம்புவாய், பேனாவைக் கீழே வைப்பாய். கடைசியாக வந்த ஆண்மானின் கழுத்தில் குறி வைத்தேன். விசையில் விரல் இருந்தது.

அப்போது, அடுத்த கடிதத்தில் என்ன வைப்பாய் என்று எனக்குள் கேட்டது. மந்தை திரும்பிப்போன குளிர்காலத்தில், ஜனவரியில், பிப்ரவரியில், எந்த உறையில் எதை வைத்து உன்னைப் பிடித்து நிறுத்துவேன்? விரலை எடுத்தேன். துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, கையுறையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மான்கள் தெற்கே ஏரிப்பக்கம் இறங்கி மறைந்தன.

சிமியோன் எப்போது முகத்தைத் தூக்கினான் என்று எனக்குத் தெரியாது. "நீ தூக்கினதையும் பார்த்தேன் அண்ணி, எறக்கினதையும் பார்த்தேன்" என்றான். பிறகு எழுந்து வரிசை முழுக்க நடந்து பார்த்தான். இரண்டு இடத்தில் நாங்கள் சரியாக அடுக்கவில்லையாம். கல்லைப் பிரித்து மறுபடி அடுக்கினான், புது இடத்திலேயே. வீட்டுக்கு வரும் வழியில் ரோடாவின் வாசலில் ஒரு கட்டு விறகை இறக்கிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 20, கீழ் ஏரிக்கரை

கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானம் நம் ஏரியில் இறங்கினால் அந்தச் சத்தத்தில் வரும் மந்தையும் திரும்பிவிடும் என்று சிமியோன் பயந்தான். இந்த முறை விமானமே வேண்டாம், கை காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட மற்றவர்கள் சொன்னார்கள். என் கடிதம் போகாவிட்டால் உன் கையெழுத்து விழுந்துவிடும் என்று நான் சொன்னேன். அப்புறம் சிமியோன்தான் மேட்டில் தார்ப்பாயை விரித்தான். தார்ப்பாயைக் கண்டால் கீழ் ஏரியில் இறங்க வேண்டும் என்று விமானிக்குத் தெரியும். இருட்டு பிரியும் முன் கிளம்பி, முழங்கால் வீங்கியிருப்பதால் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தேன்.

மந்தை வந்ததா என்று கேட்பாய். இன்றைக்கு இரண்டாம் நாள், வரவில்லை. நேற்று வடக்கு முகட்டில் ஓநாய்கள் ஊளையிட்டன. சிமியோனுக்கு அதில் ஒரு சந்தோஷம், அவை சும்மா வராது என்கிறான். நான் இனி உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் வரும் என்றும் எழுத மாட்டேன், வராது என்றும் எழுத மாட்டேன். வராவிட்டால் ஆறு நாயோடும் ஐந்து வீட்டாரும் தெற்கே இறங்கி என் அண்ணன்மாரின் மரக்காட்டில் குளிர்காலத்தைக் கழிப்பதாகப் பேசியிருக்கிறோம். மரத்தடியில் தூங்கச் சிமியோனே சம்மதித்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள். எப்படியும் பிழைத்துக்கொள்வோம். உன் துப்பாக்கி இல்லாமல் எங்களால் முடியாது என்று நினைத்து நீ வர வேண்டாம். உன் துப்பாக்கி இங்கேதான் இருக்கிறது. உன் மூச்சுதான் இங்கே இல்லை. அது அங்கே மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். அதைப் பாதியில் எழுப்பிக் கூட்டிவராதே.

உன் தம்பி ஒரு செய்தி சொல்லி அனுப்பினான், அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் நல்லா குணமாகி அடுத்த கோடையில வரட்டும். இந்த வரிசை சரியா தப்பான்னு அவனே பாத்துச் சொல்லட்டும். தப்புன்னா நாப்பது கல்லையும் அவனேதான் தூக்கி வைக்கணும், நான் தொட மாட்டேன். அதுக்கு ரெண்டு நுரையீரலும் வேணும்னு எழுது." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இந்த முறையும் உறையில் இறைச்சி இல்லை. அதற்குப் பதில் ஒரு சிறு முடிச்சு வைத்திருக்கிறேன், பிரித்துப் பார். அந்த ஒடிந்த கொம்புப் பெண்மான் போகும்போது கடைசிக் கல்மனிதனின் மேல் உரசிவிட்டுப் போயிற்று. கல்லில் ஒட்டியிருந்த ரோமம் இது. முகர்ந்து பார், இன்னும் வாசனை இருக்கும். இது மந்தை இல்லை, இறைச்சியும் இல்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது என்பதற்கு இதைத் தவிர என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை. நம்புவதானால் இதை வைத்து நம்பு.

விமானச் சத்தம் கேட்கிறது. இனி எழுத நேரமில்லை.

இந்த வாரம் மானுக்காக நாற்பது பேரின் கல்லைச் சுமந்தேன். போன வருடம் குனாக்குக்காகச் சுமந்தேன். என் கையில் இன்னும் பலம் இருக்கிறது, எதைச் சொன்னாலும் தூக்குவேன். உனக்காக மட்டும் என்னைக் கல் பொறுக்க வைக்காதே, அக்லாக். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, லீனாவின் உயரத்தை எழுதி அனுப்பு.

உன் மூச்சு நீண்டு வளரட்டும்.

உன் அசியாக்